அப்பாவின் பேரில் ஒரு நாய்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, இங்கே பிளானோவில் நம் சிநேகிதி வீட்டில் கூடியிருந்தோமே, உங்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்கும். அவர்கள் வீட்டுக்குப் புதிதாக நாய்க்குட்டி வந்திருந்தது. அதற்குப் பேர் வைக்க ஒரு பார்ட்டி. பிள்ளைகள் வெள்ளைப் பலகையில் பேர்களை எழுதி ஓட்டுப் போட்டார்கள். மோக்கா, கூப்பர், லட்டு, சட்னி. சட்னிதான் ஜெயிக்கும்போல இருந்தது. கடைசி நேரத்தில் அந்த வீட்டுச் சின்னப் பெண் குட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஹி லுக்ஸ் லைக் எ பக்கோடா" என்றாள். அவ்வளவுதான். எல்லாக் கையும் பக்கோடாவுக்கு உயர்ந்துவிட்டது.

அப்போது நம்மில் ஒருவர் வீட்டுக்காரரைப் பார்த்து, "பேசாம உங்க பேரையே வெச்சிருங்க சார். கூப்பிட்டா ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் வந்துடுவீங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். ஆனால் திரும்பி வரும்போது டோல்வே சாலை முழுக்க எனக்கு வேறு ஒரு தெரு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

நம் பெற்றோர் ஊரில் நாய்க்குப் பேர் வைப்பது யாரும் உட்கார்ந்து யோசிக்கிற காரியம் இல்லை. கறுப்பாக இருந்தால் கருப்பன். இல்லாவிட்டால் மணி, ராஜா, டைகர், ஜிம்மி. ஒரே தெருவில் மூன்று மணி இருக்கும், ஒன்றுக்கொன்று குழப்பம் வந்ததில்லை. இங்கே வந்த பிறகுதான் சாப்பிடுகிற பொருள், குடிக்கிற பொருள், பிடித்த ஆட்டக்காரர் என்று நாம் பேர் தேட ஆரம்பித்தோம். சார்லி, லூசி என்று மனிதர் பேரையும் கூசாமல் வைக்கிறோம். அவை மனிதர் பேர் என்று நமக்கு உறைப்பதே இல்லை. அந்தப் பேரில் நமக்கு மாமாவோ சித்தப்பாவோ கிடையாது, இல்லையா?

எனக்கு உறைத்தது. ஒரு கோடை முழுக்க உறைத்தது. என் அப்பாவின் பேரில் ஒரு நாய் இருந்தது.

நான்காம் வகுப்பு முடிந்து ஐந்தாம் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய விடுமுறை அது. நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில் இருந்தோம். இன்றைக்கு அந்தத் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு தாளிக்கிற வாசனை வரும். அன்றைக்கு எங்கள் வீட்டில் கடுகு வெடித்தால் தெருவுக்கே தெரியும். பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரம். அப்பா காலையில் பழுப்பு நிற ரெக்சின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து போவார். நூவர்க்கில் ஆபீஸ். சாயங்காலம் அதே பெட்டியோடு நடந்து வருவார். பின்வாசலில் ஒரு வலைக்கதவு இருந்தது. யார் போனாலும் வந்தாலும் பின்னாலேயே வந்து பட்டென்று அடித்துக்கொள்ளும். கடுகு மஞ்சளில் ஒரு சுவர் டெலிபோன் இருந்தது. அதன் சுருள் வயரை அடுப்படியிலிருந்து மாடிப்படி வரைக்கும் இழுத்துப் பேசலாம். அந்தச் சத்தமும் அந்த வயரும் இப்போது யார் வீட்டிலும் இல்லை.

அப்பாவின் பேர் வேலுச்சாமி. ஈரோட்டுப் பக்கத்துக்காரர். ஆபீஸில் சேர்ந்த முதல் நாளே அவருடைய மேனேஜர் அந்தப் பேரைப் படிக்க இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு, "ஐ வில் கால் யூ வில்" என்று சொல்லிவிட்டாராம். அப்பா அதைச் சாப்பாட்டு மேஜையில் பெரிய தமாஷாகச் சொன்னார்.

"வேல் போயி வில்லு வந்துருச்சு கண்ணு. ஆயுதம் ஆயுதந்தானே, எதா இருந்தா என்ன?"

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. ரசத்தை ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் அப்பாவின் பேரை வாயால் சொன்னதில்லை. அவர்கள் பக்கத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் யாரும் சொல்லமாட்டார்கள். உங்கள் வீடுகளிலும் பார்த்திருப்பீர்கள். "ஏனுங்க" என்றால் அப்பா திரும்புவார், அது போதும். ஆனால் என் அம்மா ஒரு படி மேலே போனவள். வேலை என்ற சொல்லைக்கூடச் சொல்லமாட்டாள், சோலி என்பாள். வேலி என்று சொல்லமாட்டாள், ஃபென்ஸ் என்பாள். வேலூர் அவளுக்குக் கோட்டை ஊர். டெலிபோனில் யாராவது புருஷன் பேர் என்ன என்று கேட்டால் அந்தச் சுருள் வயரோடு ரிசீவரை என் கையில் திணிப்பாள். நான் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். அதில் எங்களுக்கு வினோதமே தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. பிள்ளைகள் வளர்ந்து வேறு ஸ்டேட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பெரியவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிட்டயரானவர். அதனால் சாதாரணமாகப் பேசினாலே கடைசி சீட்டில் இருக்கிற பையனை அதட்டுகிற மாதிரி இருக்கும். நாங்கள் வந்த முதல் பனிக்காலத்தில், டிரைவ்வேயில் பனியை எப்படி அள்ளுவது என்று தெரியாமல் அப்பா சமையலறை முறத்தோடு நின்றுகொண்டிருந்தார். பெரியவர் பனி அள்ளுகிற இரண்டு ஷவலோடு வந்தார். இரண்டு பேரும் மூச்சு வாங்க அள்ளினார்கள். அள்ளி முடித்ததும் அவர் பேரைக் கேட்டார்.

"வில்" என்றார் அப்பா.

பெரியவர் ஷவலை ஊன்றிக்கொண்டு அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "உன்னைப் பார்த்தால் வில் மாதிரித் தெரியவில்லையே. உன் அம்மா உன்னை எப்படிக் கூப்பிடுவாள்?"

அப்பா கொஞ்சம் தயங்கினார். பிறகு, "வேலு" என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அப்பா ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது, பெரியவர் கட்டம்போட்ட அங்கியோடு பேப்பர் எடுக்க வாசலுக்கு வருவார். "வேலு! குட் மார்னிங், வேலு!" தெருக்கோடி வரை கேட்கும். அப்பா பெட்டியைத் தூக்கிக் காட்டுவார். உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருக்கிற அம்மாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகும். வெட்கமா, சந்தோஷமா என்று எனக்குத் தெரியாது.

அடுத்த பனிக்காலம் முடிவதற்குள் பெரியவர் போய்விட்டார். நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வந்ததும் போனதும் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது. துக்கத்துக்கு அம்மா எலுமிச்சம்பழச் சாதம் கிளறிக்கொண்டு போனாள். அந்த வீட்டம்மாவுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இங்கிலீஷ் சரியாக வராது. இரண்டு பேரும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த ஃபென்ஸ் ஓரத்தில் தினமும் சந்திப்பு. இந்தப் பக்கத்திலிருந்து சப்பாத்தி போகும், அந்தப் பக்கத்திலிருந்து தக்காளி நாற்று வரும். அந்த ஊரில் அம்மாவுக்கு வாய்த்த ஒரே சிநேகிதி அவர்தான். கொஞ்சம் தள்ளி எடிசன் என்ற ஊரில் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. ஆனால் அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

பள்ளிக்கூடம் மூடிய வாரம், ஒரு சாயங்காலம், அந்த அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு நாய்க்குட்டி. வெல்லத்தின் நிறம். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்தது. சில்வண்டு கத்திக்கொண்டிருந்தது, யாரோ புல் வெட்டிய வாசனை வந்தது. அப்பா அப்போதுதான் ஷூவைக் கழற்றியிருந்தார். அந்த அம்மாவின் முகம் முழுக்கச் சிரிப்பு. துக்கத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை.

"மீட் வேலு" என்றார்.

அப்பா குனிந்து குட்டியின் தலையைத் தொட்டார். "நைஸ் டாக்" என்றார். தொட்ட கையை அப்படியே பேண்ட் பையில் போட்டுக்கொண்டார். இன்னும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, குட் ஈவினிங் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"என்னமோ பேரு சொன்னாங்களே, என்ன பேரு?" என்று அம்மா என்னிடம் கேட்டாள். அவள் சரியாகத்தான் கேட்டிருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. நான் சொன்னேன். அப்பா மாடிக்குப் போனார்.

மறுநாள் காலையிலிருந்து ஆரம்பித்தது. "வேலு, கம்!" "வேலு, சிட்!" "வேலு, நோ! பேட் பாய்!" செருப்பைக் கடித்தால் வேலு. ரோஜாச் செடியைத் தோண்டினால் வேலு. புல்லில் ஒதுங்கி முதுகை வளைத்தால், "குட் பாய், வேலு! குட் ஜாப்!" ஜன்னலைச் சாத்தினாலும் கேட்கும். எனக்கு முதல் இரண்டு நாள் சிரிப்பு அடங்கவில்லை. மூன்றாம் நாள் அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. அவர் ஸ்டேஷனிலிருந்து வரும்போது முன்வாசல் பக்கமாக வருவதை விட்டுவிட்டு, கராஜ் வழியாக உள்ளே வர ஆரம்பித்தார்.

அம்மா ஃபென்ஸ் ஓரம் போவதை நிறுத்தினாள். அந்த அம்மா இரண்டு மூன்று தரம் அங்கே வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். பிறகு ஒரு காகிதப் பையில் தக்காளி கொண்டுவந்தார். அம்மா வாங்கிக்கொண்டு "தேங்க்யூ" என்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை. அந்தத் தக்காளி மேஜைமேல் கிடந்து பழுத்து, தோல் சுருங்கி, பையை நனைத்தது. அதை ரசத்துக்குப் போடவும் இல்லை, குப்பையில் போடவும் இல்லை. ஒரு நாள் நான் வாசலில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா, ஹனி?" நான் தெரியாது என்று தோளைக் குலுக்கினேன். உண்மையிலேயே அவருக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. அம்மா ஒருமுறை பாத்திரம் தேய்த்துக்கொண்டே, குழாயைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் ஒரு நாளும் வாயில எடுக்காத பேரு. அந்தம்மா நாளெல்லாம் கத்தறாங்க. அதும் ஒரு நாயை."

"விடு" என்றார் அப்பா. "அவங்க ஊர்ல அது தப்பில்லையாட்ட இருக்குது."

"உங்களுக்கு ரோசமே இல்லீங்களா?"

ஆபீஸில் வில் என்று கூப்பிட்டபோது அவருக்கு ரோசம் வரவில்லை, இதற்கு மட்டும் வந்திருக்கிறது என்பது அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

இதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடிசன் அங்கிள் வந்தார். அப்பாவுக்கு நண்பர், சென்னைக்காரர், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு அபிப்பிராயம் இருக்கும். பின்பக்கம் நாற்காலி போட்டு வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கத்திலிருந்து, "வேலு! டோன்ட் ஈட் தட்!" என்று குரல் வந்தது. அங்கிள் கையில் இருந்த வடையைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"சார், யாரை சொல்றா?"

அப்பா சொன்னார். அங்கிளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதை விழுங்கிவிட்டு உடனே கோபத்துக்கு மாறினார்.

"இது டைரக்ட் இன்சல்ட் சார். சும்மா விடாதீங்க. நம்ம ஆளுங்க இந்த ஊர்ல எதையும் கண்டுக்காம adjust பண்ணிட்டு போறதாலதான் தலையில ஏறி உக்காந்துக்கறா. நேரா போய் சொல்லுங்க, பேரை change பண்ணுன்னு. நான் வேணா வரேன்."

"வேண்டாங்க. வயசான பொம்பள. வீட்டுக்காரர் வேற செத்துப்போயிருக்காரு."

"அதுக்கு நீங்க என்ன சார் பண்ணுவீங்க? நீங்களா சாகடிச்சீங்க?"

அப்பா வடைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வலைக்கதவு பட்டென்று அடித்தது. அங்கிள் என்னிடம், "உங்கப்பா ரொம்ப soft" என்றார்.

ஆனாலும் அந்தப் பேச்சு அப்பாவுக்குள் வேலை செய்திருக்க வேண்டும். அந்த வார நடுவில், "சனிக்கிழமை போயிச் சொல்லிப்போடறேன். பக்குவமாச் சொல்லோணும்" என்று அம்மாவிடம் சொன்னார். இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று கண்ணாடி முன்னால் ஷேவ் செய்துகொண்டே முணுமுணுத்துப் பார்த்ததை நானே கேட்டேன்.

சனிக்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது நடந்தது.

அம்மா முன்வாசலில் ஹோஸ் பைப்பைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். நான் படியில் உட்கார்ந்து ஒரு ஐஸ் குச்சியைச் சப்பிக்கொண்டிருந்தேன். ஆரஞ்சு. தெருமுனையில் ஐஸ்கிரீம் வண்டியின் பாட்டுச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக் கேட் சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது. வெல்ல நிறத்தில் ஏதோ எங்கள் புல்வெளிக்குக் குறுக்கே பாய்ந்து போனது. எதிர்ப்புறம் நடைபாதையில் அப்பா வந்துகொண்டிருந்தார், கையில் பெட்டி. குட்டி நேராக ரோட்டுக்கு ஓடுகிறது. பக்கவாட்டில் மரப்பலகை ஒட்டிய மாதிரி ஒரு நீளமான கார் வளைவிலிருந்து திரும்புகிறது. அப்பா குட்டியைப் பிடிக்கக் குனிந்தபடி நடைபாதையிலிருந்து ஒரு காலை ரோட்டில் வைத்துவிட்டார்.

"வேலு! நில்லு!"

அம்மாவின் குரல்தான். ஆனால் அப்படி ஒரு குரல் அவளுக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பைப் கீழே விழுந்து பாம்பு மாதிரிச் சுழன்று என் காலை நனைத்தது. நடுரோட்டில் குட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. அப்பாவும் ஒரு கால் ரோட்டிலும் ஒரு கால் மேலேயுமாக நின்றுவிட்டார். கார் கிரீச்சென்று ஒதுங்கி, எங்கள் லெட்டர் பாக்ஸை உரசுகிற மாதிரி வந்து நின்றது. ஓட்டிவந்த பெண் ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டம்மா ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடிவந்து குட்டியை வாரி எடுத்தார். பிறகு அழுதுகொண்டே வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார். "யூ கால்ட் ஹிம்! யூ சேவ்ட் ஹிம்!" அம்மா ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பா பெட்டியோடு வந்து மேலே நின்றார். அம்மா அவரை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அம்மாதான் முதலில் பேசினாள். எனக்குத் தெரிந்து அவள் இங்கிலீஷில் பேசிய நீளமான பேச்சு அதுதான். "திஸ் நேம், மை ஹஸ்பெண்ட் நேம். மை பிளேஸ், டாக், நோ. பிக் ஷேம்."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகம் வெளிறியது. பிறகு என் பக்கம் திரும்பி, "அவளுக்கு நான் சொல்வதைச் சொல்கிறாயா, ஹனி?" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் அம்மாவுக்குச் சொன்னேன். எனக்குத் தெரிந்த தமிழில்.

அவர் வீட்டுக்காரர் ரிட்டயரான பிறகு வீட்டில் பேச்சே குறைந்துவிட்டதாம். பஸ் நிறையப் பிள்ளைகளோடு கத்திக்கொண்டிருந்த மனிதருக்குக் கூப்பிட ஆளில்லாமல் போய்விட்டது. அப்பாவோடு பனி அள்ளிய அந்தக் காலைக்குப் பிறகு, தினமும் கதவைத் திறந்து முதலில் கூப்பிடுவது அந்தப் பேரைத்தான். "நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தச் சத்தம் கேட்டால் அவர் அன்றைக்கு நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். அவர் போன பிறகு காலை வேளைகளில் சத்தமே இல்லை. இந்தக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்குக் கதவைத் திறந்தேன், என் வாயில் வேறு பேரே வரவில்லை."

நான் சொல்லி முடித்ததும் அம்மா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹோஸ் பைப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்கே மாற்றிவிடுகிறேன்" என்றார் அவர். "பஸ்டர் என்று வைக்கிறேன். ஐ ஆம் ஸோ சாரி, வேலு."

அப்பாவைத்தான் சொன்னார். குட்டி வாலை ஆட்டியது.

அப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, புல்லில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, குட்டியின் கழுத்தில் தொங்கிய எலும்பு வடிவத் தகட்டைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஆங்கிலத்தில் பேர் செதுக்கியிருந்தது. ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார்.

"ஸ்பெல்லிங் கரெக்டா இருக்குது" என்றார் எங்களிடம். பிறகு அந்த அம்மாவிடம், "நோ, நோ. கீப் இட்" என்றார்.

அவ்வளவுதான் அதற்கு நடந்த பஞ்சாயத்து. எடிசன் அங்கிள் அடுத்த முறை வந்தபோது அப்பா பெருமையாகச் சொன்னார்: "எங்க வீட்டம்மா போட்ட சத்தத்துல நாயி உக்காந்துருச்சுங்க. நாயைக் காப்பாத்திப்போட்டா." அங்கிள், "அப்ப பேரை மாத்தலையா?" என்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார்.

ஃபென்ஸ் ஓரத்தில் மறுபடியும் சப்பாத்தியும் தக்காளியும் கை மாறின. அந்தப் பேரை அம்மா நாயிடம் மறுபடி சொல்லவில்லை. "சாமி, என்ற சாமி, இங்க வாடா" என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் பக்கத்தில் குழந்தைகளை அப்படித்தான் கொஞ்சுவார்கள். அப்பாவின் பேரில் ஒரு பாதியை அந்த அம்மா வைத்துக்கொண்டார், மீதிப் பாதியை அம்மா எடுத்துக்கொண்டாள். நாய் இரண்டுக்கும் ஓடிவந்தது. அப்பா முன்வாசல் வழியாகவே வர ஆரம்பித்தார். ஆபீஸில் மட்டும் ரிட்டயராகிற வரைக்கும் அவர் வில்தான். அதை மாற்றச் சொல்ல அவர் முயன்றதாக எனக்குத் தெரியவில்லை.

நான் ஹைஸ்கூல் போகும்போது அந்த அம்மா மகளோடு இருப்பதற்காக ஒஹையோவுக்குப் போய்விட்டார். நாயும் போனது. சில வருஷங்கள் கழித்து ஒரு நாள் போன் வந்தது. அம்மாதான் எடுத்தாள். அந்த அம்மா பேரைச் சொல்லாமல், "நம் குட்டி போய்விட்டது" என்று மட்டும் சொன்னாராம். அம்மா அன்றைக்குச் சமைக்கவில்லை. நாங்கள் பிரெட்டும் ஊறுகாயும் சாப்பிட்டோம்.

இதெல்லாம்தான் டோல்வேயில் எனக்கு ஞாபகம் வந்தது.

அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அம்மா இப்போது எங்களோடு பிளானோவில் இருக்கிறாள். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மேஜைமேல் பேப்பர் விரித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து பக்கோடா கதையைச் சொன்னேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே கேட்டேன்.

"நம்ம பக்கத்து வீட்டு நாய் ஞாபகம் இருக்காம்மா? நீ அன்னைக்குக் கத்தின கத்துல நடுரோட்டுல அப்படியே உக்காந்துருச்சே."

"நாயா?"

"ஆமா. காருக்குக் குறுக்க ஓடுச்சே. நீதானே காப்பாத்தின."

அம்மா கீரையிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"நான் எங்க கண்ணு நாயைப் பாத்தேன்? உங்கப்பா ரோட்டுல எறங்குனாரு. அக்கட்டால காரு வந்துச்சு. எனக்குக் கண்ணுல பட்டது அது ரெண்டுதான்."

இத்தனை வருஷமும் அந்தத் தெருவை நான் எத்தனை தரம் நினைத்துப் பார்த்திருப்பேன்? அப்பாவின் கால் ரோட்டில் இருந்தது தெரிந்தும், ஒவ்வொரு தரமும் குட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆனா நில்லுன்னு சொன்னியேம்மா. அப்பாவை நீ அப்படிச் சொல்லவே மாட்டியே."

"'ங்க' போடறதுக்கு எங்க நேரம்?"

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? அன்னைக்கே கேட்டாரு, நீ என்னையத்தான கூப்புட்டேன்னு. நாயைத்தானுங்கன்னு சொல்லிப்போட்டேன். நம்புல. ஊருக்கெல்லாம் நாயின்னு சொல்லுவாரு, ஆளில்லாதப்ப எங்கிட்ட வந்து, இன்னொருக்கா கூப்புடுன்னு நிப்பாரு. எத்தன வருசம் கேட்டாருங்கற?"

"கூப்பிட்டியா?"

அம்மா ஒரு கொத்தை எடுத்து, இலையை விரலால் மெதுவாக உருவி, காம்பைத் தனியாக வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில கூப்புட்டேன். நீ காரு எடுக்கப் போயிருந்தே. கண்ணத் தொறந்து பாத்தாரு."

சொல்லிவிட்டு அடுத்த கொத்தை எடுத்தாள்.